பதினோரு அடி

அத்தியாயம் 14

லீலாவதி டீச்சரைப் போன வாரம் வகுப்பறை வாசலில் விட்டுவிட்டு வந்தோம். கடைசி மணி அடிக்கக் கால் மணி நேரம் இருந்தது. எட்டாம் வகுப்பு ஷ்வேதா அவள் மடியில் மயங்கிக் கிடந்தாள். முகத்தில் தெளிக்கத் தண்ணீர் தேடியபோது ஷ்வேதாவின் பாட்டிலே கையில் கிடைத்தது. காலை ஆறரைக்கு வீட்டில் நிரப்பிய தண்ணீர் அப்படியே இருந்தது.

அந்தப் பெண் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று சிலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். குடித்தால் போக வேண்டும். போக இடமில்லை, அவ்வளவுதான்.

டில்லியில் ரயில்வே லைன் ஓரத்துக் குடிசைக் கேம்ப்பிலிருந்து அறுநூறு பெண்கள் வந்து படிக்கிற பள்ளிக்கூடம் அது. பின்பக்கம் ஆறு அறைகள் கொண்ட கழிவறைக் கட்டடம் ஒன்று வெள்ளை டைல்ஸ் போட்டு நிற்கிறது. இரண்டு வருடம் முன்பு ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். இரண்டு மாதம் பெண்கள் உபயோகித்தார்கள். பிறகு கீழே போனதெல்லாம் மேலே வர ஆரம்பித்தது. ஹெட் மேடம் கழுவச் சொல்லிப் பூட்டுப் போட்டுவிட்டார். பூட்டியே கிடப்பதால் பளிச்சென்று இருக்கிறது. போன வருஷ இன்ஸ்பெக்‌ஷனில் சுத்தத்துக்கு முழு மார்க் வாங்கியது அந்தக் கட்டடம்தான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். லீலாவதிக்குச் சிரிப்பு வரவில்லை.

டிஸ்பென்சரி டாக்டர் ஷ்வேதாவைப் பார்த்துவிட்டு, சிறுநீர்ப் பாதையில் இன்ஃபெக்‌ஷன், அடக்கவே கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அவள் அம்மா அஞ்சலை அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்ததும் லீலாவதியிடம் நேராகவே சொல்லிவிட்டாள்.

"சனிக்கெழம வரிக்கும் பாக்குறேன் டீச்சர். நீங்க எழுதிப் போட்டிருக்கீங்களே, அதுக்குப் பதிலு வந்து எதனா வழி பொறந்தா சரி. இல்லன்னா பேர வெட்டிக் குடுத்துருங்க. எம்பொண்ணு உசுரோட இருந்தாப் போதும்."

அந்தச் சனிக்கிழமை இன்றுதான். பதிலும் இன்றுதான் வந்தது.

காலை பத்தரைக்கு லீலாவதியின் மோதி பாக் குவார்ட்டர்ஸ் கதவைத் தபால்காரர் தட்டினார். கையெழுத்துப் போட்டு வாங்கியது மகள் பிரியதர்ஷினி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டது அவள்தான், அவள் பெயரில்தான். அம்மா தினமும் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூடக் கழிவறையைப் பற்றிப் பேசியே சாப்பிட விடாமல் செய்ததில், குர்காவ் கம்பெனிக்குப் போகும் மெட்ரோவில் உட்கார்ந்து போனிலேயே மனுவைத் தட்டி அனுப்பியிருந்தாள்.

இரண்டாவது சனி என்பதால் லீலாவதிக்கும் விடுமுறை. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வீட்டுக்காரர் அய்யாசாமி குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். அரசாங்கக் கட்டடப் பிரிவில் உதவிப் பொறியாளர். ரிட்டயராக மூன்று மாதம் இருக்கிறது. வீட்டில் ஒரு குழாய் சொட்டினால் தூக்கம் வராத மனிதர். பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினாலும் ஸ்பேனரோடு போய் நிற்பார்.

உறையில் இரண்டே தாள்கள். முதல் தாளில் இருந்ததைப் பிரியா படித்துச் சொன்னாள். மேற்படி பள்ளியில் ஆறு அறைக் கழிவறை கட்டி முடிக்கப்பட்டது. தெருச் சாக்கடையுடன் இணைப்புக் கொடுக்கப்பட்டது. வேலை முழுமையாக முடிந்துவிட்டதால் மேற்கொண்டு நடவடிக்கை தேவைப்படவில்லை. ஆதாரமாக, வேலை முடிந்த சான்றிதழின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

"ஜூட்!" என்று ஹிந்தியில் கத்தினாள் பிரியா. "எவ்ளோ பெரிய பொய் பாரும்மா. யாரு கையெழுத்துப் போட்டிருக்கான்னு பாப்போம்."

இரண்டாவது தாளைத் திருப்பினாள். அப்புறம் தாளை அம்மாவிடம் நீட்டினாள்.

பன்னிரண்டு வருஷம் பிரியாவின் ரிப்போர்ட் கார்டில் விழுந்த கையெழுத்து அது. முதல் எழுத்தில் ஒரு கொக்கி, கடைசியில் அடிக்கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. கணக்கில் குறைந்த மார்க் வாங்கிய வருஷங்களில் அந்த இரண்டு புள்ளியும் அழுத்தமாக விழும்.

லீலாவதி தாளை வாங்கிப் பார்த்தாள். டில்லி பெரிய ஊர், இன்னொரு அய்யாசாமி இருக்கக் கூடாதா என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டாள். இன்னொரு அய்யாசாமி இருக்கலாம். அவனும் இரண்டு புள்ளி வைப்பானா?

எழுந்து குளியலறை வாசலுக்குப் போனாள்.

"ஏனுங்க. இது உங்க கையெழுத்துங்களா?"

அய்யாசாமி ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். கண்ணாடியைத் தேடவில்லை. தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"ஆமா. என்றதுதான்" என்றார்.

ஸ்டூலை விட்டு எழாமலே எல்லாவற்றையும் சொன்னார். கட்டடம் முடிந்துவிட்டது. திறப்பு விழாத் தேதி மேலிடத்தில் குறித்துவிட்டார்கள், அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. பள்ளிக்கூடத்தை ஒட்டிய சந்து வேறொரு துறையைச் சேர்ந்தது. அதைத் தோண்டிக் குழாயைச் சாக்கடையில் சேர்க்க அவர்கள் அனுமதி தர வேண்டும். இதோ வருகிறது, ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார்கள். இணைப்புக் கொடுத்தாயிற்று என்று எழுதினால்தான் திறக்க முடியும். எழுதிவிடுங்கள், அடுத்த வாரம் சேர்த்துவிடலாம் என்று பெரிய அதிகாரியும் சொன்னார். அவரும் ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை.

"ஒரு வாரந்தானேன்னு எழுதிப்போட்டேன்" என்றார் அய்யாசாமி.

மூன்றாவது வாரம் அவருக்கு வேறு டிவிஷனுக்கு மாற்றல் வந்தது. பின்னால் வந்தவர் ஃபைலைத் திறந்து பார்த்தார். முடிந்த வேலை என்று இருந்தது. மூடி வைத்துவிட்டார்.

"நான் அங்க மாத்தலாகிப் போன நாலு மாசமா தெனமும் சொல்லீட்டு இருக்கறேன். அந்த ஸ்கூலுதான்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

லீலாவதி பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தாலே அய்யாசாமி செருப்பை மாட்டிக்கொண்டு வாக்கிங் கிளம்பிவிடுவார் என்று முன்பு எழுதியிருந்தேன். மூட்டு வலிக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவளும் நம்பினாள், நீங்களும் நம்பினீர்கள். நான்தான் மறைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

லீலாவதிக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. எதிரி என்று நினைத்து நான்கு மாதமாக அவள் கல்லெறிந்துகொண்டிருந்தது தன் வீட்டு ஜன்னலின் மேலேயே. அடுத்த கல்லும் கையில் தயாராக இருந்தது.

அதைப் பிரியா சொன்னாள். இந்தப் பதில் பொய் என்று முப்பது நாளுக்குள் அப்பீல் போடலாம். போட்டால் விசாரிக்க வருவார்கள், கட்டடத்தைத் திறந்து பார்ப்பார்கள், எல்லாம் வெளியே வரும். வந்தால் முதலில் கூப்பிடுவது அப்பாவைத்தான். சொல்லிவிட்டு அவள் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லீலாவதி கீரைக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அய்யாசாமி சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"வா லீலா. கொழாய் எங்க நிக்குதுன்னு காட்டறேன்."

ஆட்டோவில் இருபது நிமிஷம். லீலாவதி கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். உறை அதற்குள் இருந்தது.

காவலுக்கு இருந்த சௌகிதார், ஆஜ் தோ சுட்டி ஹை மேடம், இன்று லீவாயிற்றே என்று சொல்லிக்கொண்டே கேட்டைத் திறந்தான். கழிவறைப் பூட்டையும் திறந்துவிட்டான். உள்ளே நாப்தலின் உருண்டை வாசனை. அய்யாசாமி குனிந்து டைல்ஸின் சரிவைக் கையால் தடவிப் பார்த்தார். தன்னை மறந்து, "வேல நல்லாத்தான் பண்ணியிருக்கான்" என்றார். பக்கத்தில் மனைவி நிற்பது நினைவு வந்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

பின்பக்கம் போய் ஒரு கம்பியால் கழிவுநீர்ச் சேம்பர் மூடியை நெம்பினார். உள்ளே வந்த குழாய் சுற்றுச்சுவர் வரை போய், அங்கே செங்கல் வைத்து அடைபட்டிருந்தது. கேட்டைச் சுற்றிக்கொண்டு சந்துக்கு வந்தார்கள். சுவரிலிருந்து குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட அடி மேல் அடி வைத்து, சந்தின் நடுவில் இருந்த சாக்கடை மூடி வரை நடந்தார் அய்யாசாமி. ஒரு காய்கறி வண்டிக்காரன் இந்தப் பெரிய மனிதருக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் வண்டியை நிறுத்திக்கொண்டு பார்த்தான்.

"பதினோரு அடி" என்றார்.

"எத்தன நாள் வேலைங்க?"

"நாலு ஆளு இருந்தா அர நாள்."

லீலாவதி அங்கேதான் அழுதாள். இரண்டு வருஷம், அறுநூறு பெண்கள். கடக்க முடியாத ஏதோ பெரிய மலை என்று நினைத்து எழுதி எழுதிப் போட்டிருந்தாள். அவள் வீட்டு ஹால் இதைவிட நீளம்.

அய்யாசாமி போனை எடுத்தார். பழைய காண்ட்ராக்டரின் நம்பர் உபயோகத்தில் இல்லை. சாக்கடைத் துறையில் எடுத்த ஆள், பள்ளிக்கூடம் கட்டடப் பிரிவுக்கு எழுத வேண்டும், கட்டடப் பிரிவு எங்களுக்கு எழுத வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டான். கட்டடப் பிரிவுக்கு எழுதினால் அவர்கள் ஃபைலைப் பார்ப்பார்கள். ஃபைலில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

நாமே ஆள் வைத்துத் தோண்டிச் சேர்த்துவிட்டால் என்ன என்று லீலாவதி கேட்டாள். அனுமதி இல்லாமல் ரோட்டை வெட்டினால் போலீஸ் வரும், குழாயைப் பிடுங்கிப் போடுவார்கள், ஏற்கெனவே சேர்த்த குழாயை எதற்குச் சேர்க்கிறாய் என்று கேட்பார்கள் என்றார் அவர். அவர் அப்படிப் பிடுங்கச் சொல்லி எழுதிய நோட்டீஸ்கள் எத்தனையோ.

மூன்றாவதாகச் செந்தில்குமாரைக் கூப்பிட்டார். நாமக்கல் பையன். அய்யாசாமியிடம் வேலை கற்றவன், இன்று பள்ளிக்கூடம் இருக்கிற அந்தப் பழைய டிவிஷனில் செயற்பொறியாளர். தீபாவளிக்கு முறுக்கு டப்பாவோடு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போகிறவன். ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"முடிஞ்ச வேலைய மறுபடி எப்படீங்ணா முடிக்கறது? அன்னிக்குச் சேக்கலைன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க. திங்கக்கெழமையே ஃபைல் போட்டு, நானே நின்னு அனுமதி வாங்கிப்போடறேன். ஆனா அந்த வரி என்ற டேபிளோட நிக்காதுங்ணா. விஜிலன்ஸ் விசாரணைக்குப் போயிரும். உங்களுக்கு மூணு மாசந்தான் கெடக்குது. வேண்டாங்ணா. அக்காகிட்டச் சொல்லிப் போடுங்க, விட்டுரச் சொல்லி."

அக்கா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அவன்மேல் கோபப்படக்கூட அவளால் முடியவில்லை. ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம். ஹெட் மேடம் பூட்டியது பெண்கள் அந்த நாற்றத்தில் நிற்கக் கூடாது என்று. செந்தில் சொல்வது அண்ணன்மேல் இருக்கிற பாசத்தில். பின்னே யாரைப் போய்ப் பிடிப்பது?

அய்யாசாமி போனைப் பாக்கெட்டில் போட்டார். சாக்கடை மூடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ சொல்லு லீலா. நீ எழுதோணும்னு சொன்னா இன்னிக்கே எழுதிக் குடுத்தர்றேன்."

"அன்னிக்கு எழுதறப்ப எங்கிட்டக் கேக்கலீங்களே" என்றாள் லீலாவதி.

முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படி ஒரு பதில் சொன்னதில்லை. சொன்ன பிறகு மனசு ஆறவும் இல்லை. முப்பத்தாறு வருஷம் ஒரு மெமோ வாங்காத மனிதர் கடைசி மூன்று மாதத்தில் கூண்டில் நிற்பதை நினைத்தால் எழுதுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஷ்வேதாவை நினைத்தால் எழுத வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை.

கேம்ப் அங்கிருந்து நடக்கிற தூரம். பதில் கேட்டு அஞ்சலை காத்திருப்பாள். ரயில்வே லைனுக்கு முன்னால் ஒரு டீக்கடை இருந்தது. அய்யாசாமி அங்கேயே நின்றுவிட்டார். அந்தப் பெண்ணைப் பார்க்கிற தைரியம் அவருக்கு வரவில்லை, அதை மறைக்கவும் இல்லை. லீலாவதி தனியாகப் போனாள்.

வழி நெடுக அவள் என்ன சொல்வதென்று யோசித்தாள். பதில் வந்துவிட்டது, உபயோகமில்லை என்றால் பெயரை வெட்டச் சொல்வாள். யார் போட்ட கையெழுத்து என்று சொல்லாமல் பாதியை மட்டும் சொன்னாலும் அதேதான். முழுதையும் சொன்னால் இந்தக் கேம்ப்பில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஒன்றுக்கொன்று மோசமாகவே தோன்றியது. தீர்மானம் செய்வதற்குள் வீடு வந்துவிட்டது.

ஒற்றை அறை. அஞ்சலை விழுப்புரம் பக்கத்துக்காரி. கரோல் பாக்கில் நான்கு வீட்டு வேலை முடித்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க டீச்சர்" என்று பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஷ்வேதா கட்டிலில் சாய்ந்து அறிவியல் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். ஜுரம் விட்டிருந்தது. அவளுடைய நீலத் தண்ணீர் பாட்டில் சுவர் ஆணியில் தொங்கியது.

பக்கத்து வீட்டுப் பையன் ஹிந்தியில் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் அஞ்சலை கையில் தயாராக இருந்தது. பெயரை நீக்கித் தரும்படி கேட்டு. கீழே அவள் கைநாட்டுக்கூட வைத்தாயிற்று.

"பதிலு வந்துச்சா டீச்சர்?"

ஷ்வேதா புத்தகத்தை மூடிவிட்டு டீச்சர் முகத்தைப் பார்த்தாள். லீலாவதி கைப்பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னும் வரல, அஞ்சலை" என்றாள். "ஒரு வாரம் பொறுத்துக்கங்க. ஒரு வாரத்துல கண்டிப்பா வந்துரும்."

சொன்ன வாய் மூடுவதற்குள், காலையில் குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சொன்னது காதில் விழுந்தது. அவரும் நல்ல எண்ணத்தில்தானே எழுதியிருப்பார் என்று முதல் முறையாகத் தோன்றியது. அது ஆறுதலாக இல்லை.

அஞ்சலை விண்ணப்பத்தை நான்காக மடித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகினாள்.

"நீங்க சொன்னா சரி டீச்சர். உங்கள நம்பித்தான் அனுப்புறேன். ஒரு வாரம் பாப்போம்."

ஷ்வேதா கட்டிலிலிருந்து இறங்கினாள். டில்லியில் பிறந்த பெண், தமிழ் யோசித்து யோசித்துத்தான் வரும். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் உண்டு என்ற சந்தோஷத்தில் முகம் மலர்ந்திருந்தது. அம்மாவுக்குக் கேட்காமல், டீச்சர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"ஏக் ஹஃப்தா, ஒரு வாரம்தானே மேடம். தண்ணி குடிக்காம இருந்துக்குவேன். நீங்க டென்ஷன் ஆகாதீங்க."

லீலாவதி சரி என்று தலையாட்டினாள்.